சேற்றில் 30 அடி: டெல்டா வயலுக்கு நடை விதி எழுதிய அனுபவம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான். சித்தி மகள் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரக்காரி. மாமா மகன் குள்ளர் இனத்துப் போர்வீரன். பள்ளிக்கூடக் காலத்து நண்பன் க்ளெரிக், தெய்வத்தின் பேரில் மந்திரம் போடும் பூசாரி; அவன் மனைவி ரேஞ்சர், காடு பழகிய வேட்டைக்காரி. மூன்று வருஷமாகப் பனிமலை, பைன் காடு, கல் கோட்டை என்றே போய்க்கொண்டிருந்தது. "ஒரு தடவை நம்ம ஊரை வைங்கண்ணே" என்று சித்தி மகள் கேட்டாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். டெல்டா வயலை மேசைக்குக் கொண்டுவந்து, அதில் நடப்பதற்கு விதி எழுதினேன். முதல் நாளே மந்திரம் அந்த விதியைத் தரைமட்டமாக்கியது. ஏழு மாதமாகத் திருத்தித் திருத்தி இப்போது ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. செய்ததை எழுதிவைத்தால் வேறு ஊரில் ஆடுபவர்களுக்கும் உதவும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சண்டையில் ஒரு சுற்று என்பது 6 விநாடி. சாதாரண மனிதப் பாத்திரம் ஒரு சுற்றில் 30 அடி நகரலாம். மேசையில் 1 அங்குலக் கட்டம் 5 அடிக்குச் சமம்; ஆக 6 கட்டம். புதர், இடிபாடு, சேறு, ஆழப் பனி மாதிரி இடங்களில் 1 அடி நகர்வதற்கு 2 அடி செலவாகும். ஆங்கிலத்தில் அதற்கு டிஃபிகல்ட் டெரெயின் என்று பெயர். ஒரே இடத்தில் சேறும் புதரும் இடிபாடும் சேர்ந்து கிடந்தாலும் செலவு இரட்டிப்புதான், அதற்கு மேல் ஏறாது. நீந்துவது, ஏறுவது, தவழ்வது ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு அடிக்கு ஒரு அடி கூடுதல். நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த 5ஆம் பதிப்பு. அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அதனால் மந்திர அட்டைகளை நானே தமிழில் எழுதி, கடையில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

அங்கேதான் முதல் சிக்கல் வந்தது. டிஃபிகல்ட் டெரெயினைக் "கடின நிலம்" என்று அட்டையில் போட்டிருந்தேன். பெரியப்பா நாற்பது வருஷம் சம்பா நட்டவர். ஈஸிசேரில் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டையை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "கடின நிலம்னா காஞ்சு கெட்டிப்பட்டுக் கிடக்கிற நிலம்ல? அதுல ஓடவே ஓடலாமே. சேத்தைப் போயி கடினம்ங்கிறியேப்பா. சேறு இழுக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்றைக்கே எல்லா அட்டையிலும் "இழுவை நிலம்" என்று மாற்றினேன். இந்த ஒரு சொல் மாறியதும் வேறொரு கேள்வி கூடவே எழுந்தது. இழுப்பது எது? சேறா, தண்ணீரா, செடியா? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே முதல் ஆட்டத்தில் கோட்டை விட்டேன்.

முதலில் பலகை செய்த விதம். நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டு வேலையில் மிஞ்சும் 5 மி.மீ. சன்போர்டுத் துண்டுகள் எப்போதும் கிடக்கும். அவற்றை 6 அங்குலச் சதுரமாக வெட்டினேன். ஒரு துண்டு 36 கட்டம், அதாவது 30 அடிக்கு 30 அடி. மொத்தம் 24 துண்டு. வயல், வாய்க்கால், ஆறு, கரை, தென்னந்தோப்பு, களம் என்று எந்த வரிசையிலும் அடுக்கிக்கொள்ளலாம்.

சேற்றுக்கு நிஜச் சேற்றையே எடுத்தேன். வயல் களியைக் கொசுவலையில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து அரை அங்குலக் கனத்தில் பூசி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் பக்கத்து மண் அப்படிப்பட்டது. தண்ணீர் போனால் சுருங்கும், சித்திரையில் வயலில் காலை விட்டால் வெடிப்புக்குள் போகும். அந்த நாலு துண்டையும் தூக்கிப்போடவில்லை. "கோடை வயல்" என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டேன். பிற்பாடு அதுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது, சொல்கிறேன். இரண்டாம் முறை ஊறவைத்து அரைத்த செய்தித்தாள் கூழ் இரண்டு பங்கு, களி ஒரு பங்கு, ஃபெவிகால். 3 மி.மீ. பூச்சாக, ஒவ்வொன்றையும் நிழலில் உலர்த்தி, மூன்று முறை பூசினேன். வெடிக்கவில்லை. மேலே எபாக்ஸி ரெசினை மெல்லிசாக ஊற்றியதும், சேடை ஓட்டிப் பரம்படித்த வயலில் தண்ணீர் நிற்பது மாதிரியே வந்தது. பச்சைச் சாயம் தோய்த்த சணல் நூலை வரிசையாக நட்டால் நாற்று. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்து ஒட்டினால் ஆகாயத்தாமரை. ஆற்றங்கரைக்குத் தெர்மாகோலைச் செதுக்கினேன். அவசரத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிட்டேன். கண் முன்னால் கரைந்து குழி விழுந்தது. கரைப்பான் கலந்த பெயிண்ட் பெரும்பாலும் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகால் இரண்டு கோட்டு, காய்ந்ததும் தூரிகையால் அக்ரிலிக். இதுதான் வழி.

வரப்பு என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. நிஜ வரப்பு ஒன்றரை அடி அகலம் இருந்தால் பெரிது. கட்டமோ 5 அடி. வரப்பை ஒரு கட்டமாக வைத்தால் அது சாலையாகிவிடும். கடைசியில் கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோட்டின் மேல் வரப்பை வைத்தேன். அளவுப்படி 8 மி.மீ.தான் வர வேண்டும், ஆனால் மினி (பாத்திரத்துக்கான குட்டிப் பொம்மை) நிற்காது, 15 மி.மீ. ஆக்கினேன். விதி இதுதான்: வரப்பில் ஒருவர் பின் ஒருவராக முழு வேகத்தில் நடக்கலாம். ஓட வேண்டுமென்றால் டைஸ் உருட்டி 10-ஐ எட்டும் சமநிலைச் சோதனை, தவறினால் வயலில் விழுவார். எதிரே ஒருவர் வந்தால் யாரோ ஒருவர் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். தலைச்சுமையோடு வருபவருக்கு வரப்பு. அதை நான் விதியாக எழுதவே இல்லை. திண்ணையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும்.

அப்புறம் நடந்து பார்த்தேன். புரட்டாசியில் எங்கள் வயலில் நடவுக்கு முந்தின நாள், 9 மீட்டருக்குக் கயிறு கட்டி, மாமா மகனிடம் போனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். 9 மீட்டர் கிட்டத்தட்ட 30 அடி. மண் சாலையில் வேக நடையில் 6 விநாடி. வரப்பில் 8. கெண்டைக்கால் ஆழச் சேற்றில் 17. விதிப்புத்தகம் இரட்டிப்பு என்கிறது. எனக்கு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மறுநாள் நடவுக்கு வந்த அக்கா ஒருவர் அதே 9 மீட்டரை 11 விநாடியில் கடந்தார், கையில் நாற்றுமுடியோடு. எப்படி என்று கேட்டேன். "காலை அப்படியே தூக்கப் பார்க்காதீங்க தம்பி. குதிங்காலை முதல்ல எடுங்க, விரல் கடைசியில வரட்டும்." பாதத்தைத் தட்டையாக மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகிச் சேறு பிடித்துக்கொள்கிறது. குதிங்காலை முதலில் எடுத்தால் அந்த வழியாகக் காற்றும் நீரும் உள்ளே போய்ப் பிடி விட்டுவிடும். அதைச் செய்து பார்த்ததும் எனக்கு 13 விநாடி ஆனது.

ஆகப் புத்தகம் சொல்லும் இரட்டிப்பு, சேறு பழகியவருக்குச் சரியான கணக்கு. மூன்று மடங்கு என்பது என்னைப் போல வருஷத்துக்கு நாலு தடவை வயலில் இறங்குகிறவனின் கணக்கு. டெல்டாவில் வளர்ந்த பாத்திரத்துக்கு மட்டும் ஒரு சலுகை எழுதினேன்: ஒவ்வொரு சுற்றிலும் சேற்றில் முதல் 10 அடிக்குக் கூடுதல் செலவில்லை. இது மந்திரம் இல்லை, பழக்கம். மந்திரம் வேலை செய்யாத இடத்திலும் இது வேலை செய்யும்.

முதல் ஆட்டம். ஆற்றின் இக்கரையில் இவர்கள், அக்கரையில் மதகைப் பிடித்து வைத்திருக்கும் கொள்ளைக் கூட்டம். நடுவில் ஒரு வாய்க்கால், நாலு வயல், ஒரு ஆறு. மூன்று மணி நேரம் ஆடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதோடு ஒரு தப்பும் செய்திருந்தேன்: சேற்றுக்கு இரண்டு, மேலே நீர் நின்றால் மூன்று, நாற்றும் இருந்தால் நாலு என்று செலவை அடுக்கியிருந்தேன்.

க்ளெரிக் நண்பன் அட்டையை எடுத்து வைத்தான். வாட்டர் வாக். மூன்றாம் நிலை மந்திரம். சடங்காகச் செய்தால் அன்றைக்குப் போடக்கூடிய மந்திரங்களின் இருப்பு கூடக் குறையாது, பத்து நிமிஷம் அதிகமாகும், அவ்வளவுதான். 10 பேர் வரைக்கும் ஒரு மணி நேரம் எந்த நீர்மத்தின் மேலும் கெட்டி நிலம் போல நடக்கலாம். அட்டையில் நானே தமிழில் எழுதியிருந்தேன்: நீர், அமிலம், சேறு, பனி, புதைமணல், எரிமலைக் குழம்பு. சேறு என்ற சொல் அதில் இருக்கிறது. நாலு வயலையும் ஆற்றையும் களத்துமேட்டில் நடப்பது மாதிரி நடந்து போனார்கள். எதிரிகள் நான் அடுக்கிய நாலு மடங்குச் செலவில் ஒரு கட்டம் நகர்ந்து நின்றார்கள். நாலாவது சுற்றில் சண்டை முடிந்தது. அடுத்த வாரம் அந்த மந்திரம் இல்லாமல் ஆடிப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் மூன்று சுற்று. ஒருவரும் ஒருவரையும் எட்டவில்லை. மாமா மகன் பாவம், குள்ளர் வேகம் 25 அடி. ஒரு சுற்றில் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டு ஒவ்வொரு முறையும் 5 அடியை வீணாக்கினான்.

செலவு ஏன் இரட்டிப்போடு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அது நிலத்தைப் பற்றிய சோம்பேறித்தனம் இல்லை. அதற்கு மேல் ஏற்றினால் ஆள் நகர்வதே நின்றுபோகும், ஆட்டமும் நின்றுபோகும். அடுக்குவதை அன்றே விட்டுவிட்டேன்.

வாட்டர் வாக்கைத் தடைசெய்யலாம் என்று நண்பனே சொன்னான். எனக்கு மனசில்லை. ஆறு குளமாக இருக்கும் ஊரில் தண்ணீர் மேல் நடக்கும் மந்திரத்தைத் தடைசெய்வது என்ன நியாயம்? அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, நடையைத் தொடும் ஒவ்வொரு மந்திரமும் எந்தச் சொல்லைப் பிடித்து வேலை செய்கிறது என்று சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். அதில்தான் வழி கிடைத்தது. எந்த மந்திரமும் "மெதுவான இடம்" என்று பொதுவாகப் பேசுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி இருக்கிறது. வாட்டர் வாக் பிடிப்பது நீர்மம். தடையில்லாமல் நகரவைக்கும் ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் பிடிப்பது இழுவை நிலத்தையும், நீருக்கடியில் இருக்கும் தடையையும். ரேஞ்சருக்கும் ஒரு வகை ட்ரூயிட்டுக்கும் வரும் லேண்ட்ஸ் ஸ்ட்ரைட் என்ற திறன் பிடிப்பது மந்திரத்தால் ஆகாத இழுவை நிலத்தையும் மந்திரமில்லாத செடியையும். நான் துண்டுகளில் எழுதியிருந்தது எவ்வளவு செலவு என்பதை மட்டும். எழுத வேண்டியிருந்தது ஏன் செலவு என்பதை.

24 துண்டையும் திருப்பி, முதுகில் எழுதினேன். மாதிரிக்கு மூன்று:

தொழி வயல். ஏன்: சேறு, மேலே ஒரு சாண் நீர். நீர்மம், இழுவை. செடி இல்லை.

ஆகாயத்தாமரை வாய்க்கால். ஏன்: கீழே ஆழ நீர், மேலே செடி. நீர்மம், நீச்சல்; செடியால் இழுவை.

ஆற்றங்கரைச் சரிவு. ஏன்: ஏற்றம். இழுவை இல்லை, ஏறும் செலவு மட்டும்.

இதற்குப் பிறகு மேசையில் வாதம் வந்தால் துண்டைத் திருப்பினால் போதும். வாட்டர் வாக் போட்டவர் தொழி வயலில் முழு வேகத்தில் நடப்பார். ஆகாயத்தாமரை வாய்க்காலில் மூழ்க மாட்டார், ஆனால் முழங்கால் உயரச் செடி இன்னும் அங்கேதான் நிற்கிறது, அதனால் இரட்டிப்புச் செலவு. ரேஞ்சருக்கு நேர்மாறு: செடி அவளைத் தடுக்காது, ஆனால் அடியில் தண்ணீர், நீந்தத்தான் வேண்டும். ஒரே வாய்க்காலை இருவரும் இரண்டு விதமாகக் கடந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. கரைச் சரிவு இன்னும் நல்ல உதாரணம். ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் நாலாம் நிலை மந்திரம், கட்டு விலங்கையே 5 அடி நகர்வைச் செலவழித்து உதறலாம். ஆனாலும் கரை ஏறும்போது அது கைகொடுக்காது. ஏறுவது இழுவை நிலம் இல்லை, வேறு கணக்கு. நண்பன் முகம் சுருங்கியது. அட்டையைக் காட்டினேன், ஒப்புக்கொண்டான்.

வாட்டர் வாக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீருக்குள் இருப்பவர் மேல் போட்டால் அது அவரைச் சுற்றுக்கு 60 அடி வீதம் மேலே கொண்டுவந்துவிடும். மதகடியில் மூச்சடக்கி ஒளிந்திருந்த ரேஞ்சரையும் சேர்த்து நண்பன் மந்திரம் போட்டான். அவள் சரி என்று சொல்லிவிட்டாள், தக்கை மாதிரி மேலே வந்து நின்றாள், கொள்ளையர் பார்த்துவிட்டார்கள். இந்த மந்திரத்துக்குப் புத்தகத்தில் கேட்கும் பொருள் ஒரு துண்டு கார்க். எங்கள் மேசையில் அது நெட்டி. தஞ்சாவூரில் பொம்மை செய்வார்களே, அதே நெட்டித் தக்கை. குளத்தில் விளைவது, மிதப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது?

அடுத்த கண்டுபிடிப்பு சித்தி மகளுடையது. நடவு வயலில் நின்ற எதிரிகள் மேல் என்டாங்கிள் போட்டாள். 20 அடிச் சதுரத்தில் கொடிகள் முளைத்து நிலத்தை இழுவையாக்கும், சோதனையில் தோற்றவர்களைக் கட்டிப்போடும். கட்டுண்டவர்கள் போக மற்றவர்கள் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள். "என்னண்ணே, கொடி ஒண்ணும் பண்ணலையா?" வயல் ஏற்கனவே இழுவை, இழுவை மேல் இழுவை ஏறாது. எண்ணெய் பூசி வழுக்கவைக்கும் க்ரீஸ், மழையும் பனியும் கொட்டும் ஸ்லீட் ஸ்டார்ம், இவற்றிலும் இதே கதை. தரையைக் கெடுக்கும் மந்திரங்களுக்கெல்லாம் டெல்டாவில் பாதி மதிப்புப் போய்விடுகிறது. நிலமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அப்போதுதான் வெடித்துப்போன அந்த நாலு துண்டு ஞாபகம் வந்தது. அதே வரைபடத்தில் தொழி வயலை எடுத்துவிட்டுக் கோடை வயலை வைத்தேன். சித்திரை. ஆறு மணல், வாய்க்கால் வறண்டது, வயல் கெட்டி. அதே சண்டை, அதே ஆட்கள். என்டாங்கிள் எதிரிகளை அப்படியே நிறுத்தியது. வாட்டர் வாக் அட்டை கையிலேயே இருந்தது. எந்த மந்திரம் உசத்தி என்பதை இங்கே தீர்மானிப்பது பருவம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர்ந்ததும், மந்திரப் புத்தகத்தில் ஒரு பாதி தூங்கப்போகிறது, மறுபாதி விழித்துக்கொள்கிறது. இப்போது ஒவ்வொரு கதைத்தொடரையும் குறுவை, சம்பா, தாளடி, கோடை என்று பருவம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். ஆட்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைய மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சேற்றில் மதிப்புக் கூடும் மந்திரங்களும் உண்டு. தள்ளுகிற வகை. தண்டர்வேவ் ஒருவரை 10 அடி தள்ளும். தள்ளப்படுகிறவருக்கு இழுவைச் செலவு கிடையாது, அவர் தன் காலால் நகரவில்லை. வரப்பிலிருந்து ஒருவனைத் தள்ளினால் இரண்டு கட்டம் சேற்றுக்குள் போவான்; திரும்பி வர அவனுக்கு 20 அடி செலவு. முதல் நிலை மந்திரம் இந்த வேலையைச் செய்கிறது. கஸ்ட் ஆஃப் விண்ட் இன்னும் நுட்பம். காற்றை எதிர்த்து நெருங்குகிறவர் ஒரு அடிக்கு இரண்டு அடி செலவழிக்க வேண்டும் என்கிறது, ஆனால் இழுவை நிலம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆகவே அது சேற்றோடு சேரும் என்று தீர்ப்பு சொன்னேன்: ஒரு அடிக்கு மூன்று. விதியில் ஒரு சொல் இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு தூரம் போகிறது!

ஸ்பைக் க்ரோத்தில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. முள் முளைத்த நிலத்தில் ஒவ்வொரு 5 அடிக்கும் இரண்டு நாலுமுக டைஸ் காயம். சேற்றில் இரட்டிப்புச் செலவோடு போகிறவன் மூன்று கட்டம் போய் மூன்று முறை காயப்படுவான். ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் போட்டுக்கொண்டவன் ஆறு கட்டம் ஓடி ஆறு முறை காயப்படுவான். அந்த மந்திரம் காலைத்தான் விடுவிக்கிறது, முள்ளை எடுப்பதில்லை.

தாவுவதைப் பற்றிச் சுருக்கமாக: 10 அடி ஓடித் தாவினால் பாத்திரத்தின் பலத்துக்கு உள்ள எண் எவ்வளவோ அவ்வளவு அடி. சேற்றில் அந்த 10 அடி ஓட்டத்துக்கே 20 அடி போய்விடும். மிச்சம் 10 அடிதான் தாவலாம். இறங்குமிடமும் சேறு என்றால் 10-ஐ எட்ட வேண்டும், இல்லாவிட்டால் குப்புற. பறக்கும் மந்திரத்துக்கும், கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குத் தாவிப்போகும் மிஸ்டி ஸ்டெப்புக்கும் நிலமே பொருட்டில்லை. அவற்றுக்கு நான் எந்த விதியும் எழுதவில்லை.

ப்ளான்ட் க்ரோத் தனிக் கதை. உடனடி வடிவத்தில் 100 அடி ஆரத்துக்குச் செடிகொடி மண்டி, ஒரு அடி நகர நாலு அடி செலவாகும். சித்தி மகள் அதை நாற்றங்கால் மேல் போட்டாள். எதிரிகள் சிக்கிக்கொண்டார்கள், அவளுக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். "குறுவை நாத்து இருபது, இருபத்தஞ்சு நாள்ல பறிச்சுடணும்மா. நீ ஒரே நொடியில முத்த விட்டுட்டே. இதை எவன் நடுவான்? நட்டா தூர் கட்டாதே." அடுத்த ஆட்டத்தில் அந்த ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட மறுத்தார்கள். அதை ஈடுகட்ட அவளே வழி கண்டுபிடித்தாள். அதே மந்திரத்தை 8 மணி நேரம் செய்தால், அரை மைல் ஆரத்துக்கு ஒரு வருஷம் விளைச்சல் இரட்டிப்பு. கணக்குப் போட்டேன்: சுமார் 500 ஏக்கர். எங்கள் கணக்கில் 75 வேலி. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு ஊர்ல காலடி வச்சா மாலை போட்டு வரவேத்திருப்போம்" என்றார். நெருப்பு மழையும் மின்னலும் இருக்கிற ஆட்டத்தில் எங்கள் திண்ணைக்குப் பெரிய மந்திரம் இதுதான்.

நிலமே மாறும்போது என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். பின்னாளில் வந்த துணைப் புத்தகத்தில் மோல்ட் எர்த் என்று ஒரு சின்ன மந்திரம். 5 அடிக் கனம் மண்ணைத் தோண்டி நகர்த்தும், அல்லது ஒரு கட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு இழுவை நிலமாகவோ சாதாரண நிலமாகவோ ஆக்கும். சேற்றில் பாதை போடுவார்கள் என்று நினைத்தேன். மாமா மகன், "வரப்பை வெட்டச் சொல்லு" என்றான். சித்தி மகள் வெட்டினாள். மேட்டு வயல் தண்ணீர் பள்ளத்து வயலுக்குப் பாய ஆரம்பித்தது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் விதி இல்லை, ஆனால் திண்ணையில் எல்லோருக்கும் பதில் தெரியும். ஒரு வெட்டில் வயல் வடிய ஒரு ராத்திரி ஆகும். வடிந்தாலும் சேறு சேறுதான்; கால் பதியாமல் நடக்க இன்னும் பல நாள் காய வேண்டும். ஆகச் சண்டை நடக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் மேட்டு வயலில் ஒன்றும் மாறாது. மாறுவது பள்ளத்து வயலில். அங்கே உலர்ந்து கிடந்த ஓரக் கட்டங்கள் சுற்றுக்கு ஒன்றாக நனையும் என்று வைத்தேன். கன்ட்ரோல் வாட்டர் போட்டு வாய்க்கால் நீரை 20 அடி உயர்த்தியபோதும் இதே வழிதான். மந்திரம் முடிந்ததும் வாய்க்காலில் இருப்பது இறங்கிவிடும். வரப்பைத் தாண்டி வயலுக்குள் விழுந்த நீர் அங்கேயே நிற்கும், யாராவது மடை திறக்கும் வரைக்கும்.

நீண்ட பயணத்துக்கு இன்னொரு மாற்றம். 1974-இல் வந்த முதல் பதிப்பே காட்டுவழிப் பயணத்துக்கு அவுட்டோர் சர்வைவல் என்ற வேறொரு பலகை விளையாட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்தத் தைரியத்தில் நான் டெல்டா வரைபடத்தையே மேசையில் விரித்தேன். புத்தகப்படி சாதாரண நடைக்கு ஒரு நாள் 24 மைல், இழுவை நிலத்தில் 12. இங்கே அது திசையைப் பொறுத்தது. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே விசிறி மாதிரி விரிகின்றன. கரையோடு கிழக்கே போனால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், ஒரே நாள். அதே கும்பகோணத்திலிருந்து தெற்கே மன்னார்குடிக்குப் பாலம் இல்லாத காலத்தில் போவதாக வையுங்கள்: அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று வரிசையாக ஆறு குறுக்கிடும். கிழக்கு மேற்காக முழு வேகம், தெற்கு வடக்காகப் பாதி வேகம் என்று எழுதினேன். ஒரு வாட்டர் வாக் ஒரு மணி நேரம், அதற்குள் 3 மைல் நடக்கலாம். ஆற்றுக்கு ஒரு முறை சடங்கு செய்துகொண்டே நண்பன் ஆட்களைக் கூட்டிப்போனான். தடைசெய்ய நினைத்த மந்திரம் ஓடக்காரர் வேலை பார்த்தது. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது மேசையில் காய்ந்துகொண்டிருப்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. நாலு துண்டு. அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து செங்குத்தாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தென்னை ஈர்க்கை அரை அங்குலமாக நறுக்கி ஒவ்வொன்றாக ஊன்றுகிறேன். இதுவரை முந்நூறு ஊன்றியாகிவிட்டது, இன்னும் இரண்டு துண்டு பாக்கி. முதுகில் எழுதும் வரியும் பாதியில் நிற்கிறது: "ஏன்: சேறு, வேர்." ஓதம் ஏறினால் வேர் மூழ்கும், வாட்டர் வாக் போட்டவர் மேலே தடையில்லாமல் நடக்கலாம். வற்றினால் அதே சேற்றில் வேர் காலை இடறும். ஒரே துண்டுக்கு இரண்டு முதுகு வேண்டும். சன்போர்டில் மெல்லிசாக ஒரு தகடு வெட்டி, திருப்பிப் போடுகிற மாதிரி கீல் வைத்துப் பார்க்கப்போகிறேன்.